எந்தப் பக்கம் உக்காந்தீங்க?

பயணம் போய்த் திரும்பிய எவரையும் அவர், ஊர் எப்படி இருந்தது என்று கேட்டதில்லை. போன காரியம் முடிந்ததா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்ற மரியாதைக் கேள்விகளும் அவரிடம் கிடையா. "எந்தப் பக்கம் உக்காந்தீங்க?" என்பதே முதற்கேள்வி. பதில் அவர் சொல்லியனுப்பிய பக்கமாக இருந்தால் முகம் மலரும். அடுத்து, "இறக்கை மறைக்கலீங்களே?" என்பார். மறைக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் நம்மை உட்காரச் சொல்வார்; காப்பி வரும்.

அவர் பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. அவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் கோயமுத்தூரில் நல்லபடியாக இருக்கிறாள். தவிர, அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் எங்கள் குடியிருப்பில் குறைவு. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் 'கிட்கி அங்கிள்', அதாவது ஜன்னல் மாமா. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே சொன்னார்கள். நான் சொன்னதில்லை. அவர் வேறோர் அமைச்சகத்தில் சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றார். நான் துணைச் செயலாளராக. பெருமைக்காக இதைக் குறிப்பிடவில்லை. தில்லி மோதி பாகில் அடுத்தடுத்த அரசுக் குடியிருப்புகளில் பல காலம் வாழ்ந்தும் அவர் கடைசிவரை என்னை 'சார்' என்று அழைத்ததற்கு அதுவே காரணம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை என்று ஒன்று உண்டு. எல்.டி.சி. என்றால்தான் தில்லித் தமிழர்களுக்கு விளங்கும். சொந்த ஊருக்குப் போவதற்குப் பதிலாக வடகிழக்குக்கோ காஷ்மீருக்கோ போவதானால் விமானத்திலேயே போகலாம் என்று அரசு அனுமதித்தபோது, இரண்டு இரவு ரயிலைத் தவிர வேறெதையும் அறியாத எங்கள் குடும்பங்கள் முதன்முறையாக ஆகாயத்தில் ஏறின. விடுப்பு அனுமதியானதும், பெட்டி கட்டுவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது மோதி பாகில் வழக்கமாயிற்று.

சாப்பாட்டு மேசையில் அவர் தேசத்தைப் பரப்பிக் காட்டுவார். டபரா தில்லி. தட்டின் விளிம்பு இமயமலை. ஒரு கரண்டி விமானமாகி டபராவிலிருந்து புறப்பட்டு விளிம்பை ஒட்டியே போகும்.

"பாக்டோக்ரா போறப்ப இடது பக்கமுங்க. வர்றப்ப வலது. மறந்துபோட்டு வர்றப்பவும் இடதுல உக்காந்தீங்கன்னா வெறும் வயக்காட்டத்தான் பார்க்கோணும். ஸ்ரீநகருக்கு வலது. லே போறதுன்னா ரெண்டு பக்கமும் மலைதானுங்க. எங்க வேணாலும் உக்காருங்க."

லே என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு சலிப்புத் தெரியும். தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை?

நம் ஊர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது. காலை விமானமென்றால் வலது, வெயில் முகத்தில் அடிக்காது. கோயமுத்தூருக்கு எந்த நேரமானாலும் வலது. இறங்குவதற்குச் சற்று முன் நீலகிரி மலை முழுவதும் அந்தப் பக்கத்தில் எழுந்து நிற்கும். அவருடைய மனைவி அந்த மலையின் அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மிணி, உங்க மலைதான?" என்பார். உள்ளேயிருந்து "ஆமாங்க" என்று பதில் வரும்.

இதில் அவருக்கு ஊதியமோ புகழோ இல்லை. ஆனாலும் சொன்ன காட்சி தெரியாமற்போனால் அது தன் பொறுப்பு என்றே அவர் நினைத்தார். ஒருமுறை என் மேலதிகாரியான இணைச் செயலாளர் ஆய்வுக்காக பாக்டோக்ரா போக நேர்ந்தபோது, நான் அவரிடம் இடது பக்கத்து ஜன்னல் இருக்கையைப் பரிந்துரைத்தேன். அவரும் மாற்றிக்கொண்டார். கடைசி நேரத்தில் வேறு விமானம் வந்துவிட்டது. அதிகாரிக்குக் கிடைத்த இருக்கைக்கு நேரே ஜன்னல் இல்லை. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவிலுள்ள வெற்றுச் சுவர்தான் இருந்தது. திரும்பி வந்தவர் முழுப் பிரிவும் கேட்கும்படி, "சுவர் மிக நேர்த்தியாக இருந்தது" என்று ஆங்கிலத்தில் எனக்கு நன்றி சொன்னார். அன்று மாலை இதை அறிந்த நம்மவர் மைசூர்பாகுடன் என் வீட்டு வாசலில் நின்றார்.

"தப்பு என்மேலதானுங்க சார். எந்த வரிசைன்னு கேட்காம விட்டுப்போட்டேன். நான் நேர்ல வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லீறட்டுங்களா?"

"வேண்டவே வேண்டாம்" என்றேன். அமைச்சகத்தின் தாழ்வாரத்தில் இவர் மைசூர்பாகுடன் நிற்பதை என்னால் கற்பனை செய்யவும் முடியவில்லை.

இன்னொரு சம்பவம் அவ்வளவு வேடிக்கையானதன்று. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த திருச்சிக்காரருக்குத் தந்தை இறந்த செய்தி வந்தது. விடியற்காலை விமானம். வாசலில் டாக்சி நிற்கிறது, அவர் மனைவி அழுதுகொண்டிருக்கிறார், நாங்கள் நான்கைந்து பேர் சுற்றி நிற்கிறோம். நம்மவர் டாக்சியின் ஜன்னலுக்குள் குனிந்து, "வலது பக்கம் ஜன்னலாக் கேட்டு வாங்குங்க. வெயில் அடிக்காது" என்றார். எனக்கு உடம்பு கூசிற்று. டாக்சி போனதும், "சாவுக்குப் போகிறவனிடம் பேசுகிற பேச்சா இது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "வேற என்னங்க சார் நம்ம கையில இருக்குது?" என்றார்.

திருச்சிக்காரர் காரியங்களை முடித்துக்கொண்டு திரும்பியதும் நேராக அவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அப்போது தெரியாது. வெகுநாள் கழித்து என்னிடம் அந்த மனிதர் சொன்னார்: "ஜன்னல் பக்கம் உக்காந்ததால வழியெல்லாம் என் மூஞ்சிய யாரும் பாக்கலை சார்."

அவரோடு சேர்ந்து நான் விமானத்தில் போனது இரண்டு முறை. முதல் முறை, இரண்டு குடும்பமாக குவாஹாட்டி போனோம். அவர் தனக்காக ஜன்னல் இருக்கையை ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை என்பதை அன்றுதான் கண்டேன். ஜன்னல் எப்போதும் மனைவிக்கு. அவர் நடுவில் உட்கார்ந்து, மனைவியின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். "அம்மிணி, அதோ பாரு. வெள்ளையாத் தெரியுதா? அது மேகமில்ல, மலை. நல்லாப் பாரு." அந்த அம்மாள், "ஆமாங்க. நல்லா இருக்குதுங்க" என்று ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னார். எதிர்வரிசையிலிருந்து பார்த்தபோது எனக்கே சற்றுப் பொறாமையாக இருந்தது. என் மனைவி பின்வரிசை ஜன்னலில் போய் உட்கார்ந்திருந்தாள்.

குவாஹாட்டி விடுதியில் என் மனைவி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அந்த அக்கா கண்ணையே திறக்கலை, தெரியுமா? சீட்டுக்கு நடுவுல நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ண இறுக்க மூடிக்கிட்டு முருகா முருகான்னுட்டே வந்தாங்க. இவரு பாரு பாருங்காரு, அவங்க ஆமாங்க ஆமாங்கன்னுட்டு இருக்காங்க."

"கேட்டாயா?"

"கேட்டேன். மேலேருந்து கீழ பாத்தா தலை சுத்தி வயிறு கலங்குதாம். மொத தடவைலேருந்தே அப்படித்தானாம். 'அவரு அத்தனை ஆசையா ஜன்னலப் புடிச்சுக் குடுக்கறாருங்க, வேண்டாமுன்னு எப்படிங்க சொல்றது'ன்னு கேக்காங்க. அண்ணாகிட்டக் கூடச் சொல்லாதீங்கன்னாங்க. நான் உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்க வாயத் திறக்கக்கூடாது."

அந்த அம்மாள் என்னை அண்ணா என்றுதான் குறிப்பிடுவார். நேரில் அதிகம் பேசியதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் ஒவ்வொரு பயணத்திலிருந்தும் திரும்பி, "அம்மிணி கண்ணெடுக்காமப் பார்த்தாளுங்க சார்" என்று சொல்லும்போது நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் தில்லியிலேயே, துவாரகாவில் ஒரே கூட்டுறவுச் சங்கத்தின் குடியிருப்பில் வீடு வாங்கினோம். விமான நிலையம் பக்கம். இறங்குகிற விமானங்கள் தாழப் பறந்து போகும். மற்றவர்கள் இரைச்சலென்று சங்கக் கூட்டத்தில் முறையிட்டார்கள். அவர் மாலையில் மொட்டைமாடிக்குப் போவார். "இதுல இடது பக்கம் இருக்கறவங்களுக்கு நம்ம மாடி தெரியுமுங்க சார்" என்று சொல்லி, அந்த விமானத்துக்குக் கையைத் தூக்கிக் காட்டுவார். வலது பக்கத்துக்காரர்களைப் பற்றி அவர் வருத்தப்படுவதுபோலவே தோன்றும்.

அந்த அம்மாளுக்கு முதுகுவலி என்று தொடங்கியது. எலும்பில் பரவிவிட்ட நோய் என்று பிறகு தெரிந்தது. உட்கார முடியாது, புரட்டிப் படுக்கவைக்கவும் இரண்டு பேர் வேண்டும். இனி மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது, "எந்த வீட்டுக்குங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். பிறகு அவரே, "புள்ளகிட்டப் போயறலாமுங்க" என்றாராம்.

மகள் கோயமுத்தூரில். விமானத்தில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு வழி இருக்கிறது: சில இருக்கைகளை மடக்கி, அவற்றின்மேல் தூக்குப்படுக்கையைப் பொருத்தி, சுற்றிலும் திரை கட்டித் தருவார்கள். மருத்துவச் சான்றுகள், செவிலியர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த பின் அவர் என்னிடம் வந்தார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"சார், ஸ்ட்ரெச்சரை இடது பக்கம்தான் போடுவாங்களாமா."

எனக்கு உடனே புரியவில்லை.

"கோயமுத்தூருக்கு வலதுங்க சார். அவ மலை வலது பக்கம்தான வரும். இதுதான் கடைசி. இடது பக்கம் படுக்கவச்சுக் கூட்டிட்டுப் போறதுங்களா? நீங்க ஒரு வார்த்தை பேசினீங்கன்னா கேட்பாங்க. நீங்க பெரிய பதவில இருந்தவரு."

படுத்திருப்பவருக்கு எந்தப் பக்கமானாலும் ஜன்னல் எட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனபோது அதன் விளக்கத்தைக் கண்டேன். சாப்பாட்டு மேசையின்மேல், ஒருகாலத்தில் டபராவும் கரண்டியும் பறந்த அதே மேசையின்மேல், அவர் மல்லாந்து படுத்திருந்தார். வேட்டி, பனியன், கைகள் பக்கவாட்டில். தலையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"தலைக்கு ரெண்டு தலையணை வச்சா தெரியுதுங்க சார்" என்றார் எழுந்திருக்காமலே.

உள்ளறையிலிருந்து அந்த அம்மாள் முனகும் குரல் கேட்டது. என் மனைவி அவர் பக்கத்தில் இருந்தாள். நான் அவளை வெளியே அழைத்து, "அவரிடம் சொல்லிவிடலாமா? அந்த அம்மாள் ஜன்னலையே பார்த்ததில்லை என்று சொன்னால் இந்த மனிதர் சற்று அமைதியாவார்" என்றேன்.

"இத்தனை வருசம் அந்த அக்கா கட்டிக் காத்ததை நீங்க போய் உடைக்கப் போறீயளா? பேசாம இருங்க" என்றாள்.

ஆகவே நான் விமான நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். பத்திகளுக்கு எண்ணிட்டு, பொருள் குறிப்பிட்டு, என் முன்னாள் பதவியை அடியில் தெளிவாக எழுதி, நேரில் கொண்டுபோனேன். கோப்பில் ஒரு குறிப்பை ஒழுங்காக எழுதினால் எதுவும் நகரும் என்று வாழ்நாள் முழுவதும் நம்பியவன் நான். விமானத்தின் இருக்கைகளும் அதில் அடக்கமென்று நினைத்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்த இளம்பெண் அதை மரியாதையாக முழுவதும் படித்தாள்.

"அங்கிள், ஸ்ட்ரெச்சர் லெஃப்ட் மே ஹீ லக்தா ஹை" என்றாள். இடது பக்கம்தான் பொருத்தமுடியும். ஆக்சிஜன், கொக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் என்று விளக்கினாள். பிறகு, வலது பக்கம் எதற்காக என்று கேட்டாள்.

"மருத்துவக் காரணங்கள்" என்றேன்.

"அப்படியானால் டாக்டரின் சான்று வேண்டும், அங்கிள்."

நான் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு மலையைப் பார்ப்பதற்காக என்று என்னால் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. அந்த மலையைப் பார்க்க விரும்பாத ஒருவருக்காக என்று எப்படிச் சொல்வது?

செய்தியைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "நீங்க கூட வாங்க சார்" என்றார். "வலது பக்கம் ஜன்னல் உங்களுக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் அவகிட்டச் சொல்லிக்கறேன்."

ஐப்பசி மாதம், காலை விமானம். கடைசி வரிசைகளில் இடது பக்கம் திரை. அதற்கு நேர் எதிரில் எங்கள் வரிசை: ஜன்னலோரம் நான், நடுவில் யாருமில்லை, நடைபாதையோரம் அவர். செவிலியர் எங்களுக்கு முன்வரிசையில். அவர் திரையை ஒரு சாண் விலக்கி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் மேலெழுந்தபோது அந்த அம்மாளின் முகம் எனக்குத் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பள்ளம் ஏது, பயப்பட?

"சார், சம்பல் ஆறு வந்துருச்சுங்களா? மண்ணு பள்ளம் பள்ளமாத் தெரியோணும்."

"தெரியுது."

"எப்படித் தெரியுது?"

இந்தக் கேள்விக்கு நான் பழக்கப்பட்டவனல்லன். "பள்ளமா இருக்கு" என்றேன்.

அவர் திரும்பி, "அம்மிணி, எறும்பு அரிச்ச பலகையாட்ட இருக்குதாமா" என்றார்.

அந்த அம்மாளின் உதடு அசைந்தது. "எறும்பு எங்கீங்க பலகைய அரிக்கும்? கரையானுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "சார், கரையானுங்களா?"

நான் மீண்டும் எட்டிப் பார்த்தேன். "கரையான்தான்" என்றேன்.

இத்தனை ஆண்டுகளில் ஆமாங்க என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாத அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நர்மதையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, நடுவில் மணல் திட்டு என்றேன். யாராவது துணி துவைக்கிறார்களா என்று கேட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர்கள் தெரியமாட்டார்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், நம்மவர், "ரெண்டு பேரு துவைக்கறாங்களாமா. ஒருத்தி சிகப்புச் சேலை" என்றார். நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். இல்லாத காட்சியை இருப்பதாக அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதன்முறை. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கோதாவரி தாண்டியது. அந்த அம்மாள் சற்றுக் கண்ணயர்ந்தார், வலி எழுப்பிவிட்டது. செவிலியர் வந்து ஊசி போட்டாள். துங்கபத்திரைக்குத் தெற்கே மேகம் கூடத் தொடங்கியது. முதலில் சிதறல்களாக, பிறகு பாய் விரித்ததுபோல். விமானம் இறங்கத் தொடங்கியபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. இறக்கையின் நுனியே தெரியவில்லை.

"சத்தியமங்கலம் தாண்டியாச்சுங்களா?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நம்ம மலை தெரியோணுமே."

நம்மவரும் என் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளை அவர் கண்ணாடியிலும் தெரிந்தது.

"அண்ணா, தெரியுதுங்களா?"

அந்த அம்மாள் என்னை நேரில் கூப்பிட்டுக் கேட்டார். பணிக்காலம் முழுவதிலும், நேரில் பார்க்காத எதற்கும் நான் கையொப்பமிட்டதில்லை. என்கீழ் வேலை பார்த்தவர்கள் அனைவரும் இதை அறிவார்கள்.

"தெரியுதும்மா" என்றேன். "முழுசாத் தெரியுது."

"மேல மேகம் இருக்குதுங்களா?"

"உச்சியில் கொஞ்சம். தலையில் துண்டு போட்ட மாதிரி."

"மழ பேஞ்சிருக்கும்" என்றார் அந்த அம்மாள். "பச்சையா இருக்குதுங்களா?"

"பச்சைப்பசேலென்று இருக்கும்மா. ரெண்டு இடத்தில் வெள்ளையா அருவி இறங்குது."

அருவியை நான் ஏன் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் கணவரின் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஏனுங்க, இத்தன நாளு நானு..." என்று தொடங்கினார்.

"பேசாத அம்மிணி. மூச்சு வாங்கும்" என்றார் அவர். "சார் பார்த்துட்டாரு. அது போதும்."

அவர் எதை அறிந்திருந்தார், எப்போதிலிருந்து அறிந்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கக்கூடிய கேள்வியாகவும் அது இல்லை.

மூன்றாம் நாள் நான் திரும்பினேன். மகள் வீட்டில் அந்த அம்மாளின் நிலைமை இறங்கிக்கொண்டிருந்தது. நான் விடைபெறப் போனபோது அவர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மனைவியின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "போறப்ப இடது பக்கம் கேளுங்க சார்" என்றார்.

இடது பக்கம் கேட்டு வாங்கினேன். முந்தைய நாள் பெய்து ஓய்ந்த மழையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. விமானம் எழும்பித் திரும்பியதும் மலை வந்தது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை, மடிப்பு மடிப்பாக, ஒரு துணுக்கு மேகமும் இல்லாமல். தேயிலைச் சரிவுகள், பாறை முகங்கள், மேட்டுப்பாளையத்துக்குப் பின்னால் காடு செங்குத்தாக ஏறுவது எல்லாம் தெரிந்தன. அருவி இருந்தது. ஒன்றுதான்; நான் சொன்னதுபோல் இரண்டு இல்லை. பக்கத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் கண்ணை மூடியிருந்தான். மலை பின்னால் போய் நீலமாகி மறையும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்வதற்கு எவருமில்லை.

தில்லியில் இறங்கி, பெட்டிகள் சுழன்று வரும் இடத்தில் நின்றபடி அவரைக் கூப்பிட்டேன். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"நீங்க போனதுக்கப்புறம் பேச்சில்லீங்க சார். கண்ணும் தொறக்கலை. காது மட்டும் கேட்குமுன்னு டாக்டர் சொல்றாரு. காதுல வைக்கறேன். சொல்லுங்க."

பொது இடத்தில் உரக்கப் பேசுவதை நான் எப்போதும் வெறுத்திருக்கிறேன். அன்று அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, தொலைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, உரக்கச் சொன்னேன். "அம்மா, மலை தெரிந்தது. மேகமே இல்லை. அடியிலிருந்து தெரிந்தது. காடு கரும்பச்சை, அதற்கு மேலே தேயிலை வெளிர்பச்சை. பாறையில் ஈரம் மின்னியது. அருவி ஒன்று, மெல்லியதாக. உங்கள் ஊரின் ஓட்டுக் கூரைகள்கூடத் தெரிந்தன." கூரைகளைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற அனைத்தும் கண்ணால் கண்டவை. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் பெட்டி என்னைக் கடந்து போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

பிறகு அவர் தொலைபேசியைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டார். "கேட்டிருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். எத்தனையோ ஆண்டுகளாக எனக்குச் சலிப்பூட்டிய அந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை.

"இடது பக்கம்தான் உட்கார்ந்தேன்" என்று நானாகவே சொன்னேன். "இறக்கை மறைக்கவில்லை."